அத்தியாயம் 7: வெள்ளை பிந்தி வந்தது

வெடிக்க ஒரு வாரம் இருக்கும் பருத்திக்காயைப் பறித்துக் கத்தியால் பிளந்தால், உள்ளே பஞ்சு ஈரமாக, சுளை சுளையாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பழுப்புப் பஞ்சு தரும் செடியின் காயாக இருந்தாலும் இந்த நிலையில் அது ஏறக்குறைய வெள்ளையாகத்தான் தெரியும். காயைச் செடியிலேயே விட்டுவைத்து, அது தானாக வெடித்து, காற்றும் வெயிலும் பட்ட பிறகுதான் நிறம் ஏறத் தொடங்கும். முதலில் மங்கிய மஞ்சள், பிறகு மணல் நிறம், நன்றாகக் காய்ந்தபின் பழுப்பு. நறுக்கிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை வேதியியல்தான். நிறமற்ற பீனால் சேர்மங்கள் ஆக்சிஜனைச் சந்தித்து நிறமுள்ளவையாக மாறுகின்றன.

பழுப்புப் பருத்தியில் இருக்கும் அந்தச் சேர்மங்கள் டானின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்கை மென்றால் நாக்கை இழுக்கும் துவர்ப்பும், தோல் பதனிடக் கருவேலம்பட்டை பயன்படுவதும் இந்தக் குடும்பத்தால்தான். ஆடையில் பாக்குக் கறை பட்டுவிட்டால் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். பழுப்புப் பருத்தி அந்தக் கறையோடேயே விளைகிறது.

இந்த டானின் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க, ஒரு பஞ்சிழை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் இழை என்று சொல்வது ஒரே ஒரு செல். பூ மலரும் நாளிலேயே, உள்ளே இருக்கும் இளவிதையின் மேல்தோல் செல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று புடைத்து எழத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் அது நீண்டுகொண்டே போகும். அகலம் 20 மைக்ரான்கூட இல்லாத அந்தச் செல், நீளத்தில் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வளர்ந்துவிடும். தாவர உலகில் இவ்வளவு நீளும் செல்கள் அபூர்வம். நீள்வது நின்றபின் சுவரின் உட்புறமாகச் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். காய் வெடித்ததும் செல் இறந்து, உலர்ந்து, குழாய் அமுங்கி, முறுக்கிய நாடாவாகிவிடும். அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன. பழுப்புப் பருத்தியின் டானின் இந்தக் குழாயின் உள்வெளியில் சேர்ந்து நிற்கிறது.

எந்தப் பருத்தியானாலும் கொட்டையின் தோல் பழுப்புதான். இழை அந்தத் தோலிலிருந்து முளைத்த செல். அப்படியென்றால் இழையும் பழுப்பாக இருப்பதுதானே இயல்பு? மரபணு ஆய்வுகளும் அதைத்தான் காட்டின. அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடியில் விதைத்தோலுக்கு நிறம் கொடுக்கும் டிடி2 என்ற மரபணு உண்டு. பழுப்புப் பருத்தியில் அதன் உறவுக்கார மரபணு ஒன்று இழைக்குள்ளும் விழித்திருக்கிறது. வெள்ளைப் பருத்தியின் இழையில் அது உறங்குகிறது. காட்டுப் பருத்தி இனங்களின் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை மயிர் பெரும்பாலும் பழுப்பு அல்லது மங்கிய நிறம். மனிதர்கள் பருத்தியை நான்கு முறை தனித்தனியே பயிராக்கினார்கள்: மெக்சிகோவில் காசிப்பியம் ஹிர்சூட்டம், தென் அமெரிக்காவில் பார்படென்ஸ், நம் துணைக்கண்டத்தில் ஆர்போரியம், ஆப்பிரிக்கா–அரேபியப் பகுதியில் ஹெர்பேசியம். நான்கிலும் வெள்ளையை நோக்கித் தேர்வு நடந்திருக்கிறது. வெள்ளைப் பஞ்சில்தான் வேண்டிய சாயம் எடுக்கும் என்பது அதற்கு வெளிப்படையான காரணம். ஆனாலும் நான்கில் எதிலும் பழுப்பு முழுக்க அழியவில்லை. அது எங்கே ஒளிந்து பிழைத்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

பச்சைப் பஞ்சும் உண்டு, அதன் வேதியியல் வேறு. அதில் டானினுக்குப் பதிலாகச் சூபரின். தக்கை மரப்பட்டை நீர் புகாமல் இருப்பதற்குக் காரணமான மெழுகுப்பொருள் அது. செல்லுலோஸ் படிய வேண்டிய சுவரில் செல்லுலோஸ் ஓர் அடுக்கு, சூபரின் ஓர் அடுக்கு என்று மாறி மாறிப் படிகிறது. சூபரினோடு பிணைந்த காஃபீயிக் அமில வழிப்பொருள்கள் பச்சை நிறத்தைத் தருகின்றன. இடத்தைச் சூபரின் எடுத்துக்கொள்வதால் செல்லுலோஸ் குறைந்து இழை மெலிந்துபோகிறது. வெயிலும் இதற்கு ஆகாது. வெடித்த காயைச் செடியிலேயே விட்டுவிட்டால் சூரியனைப் பார்த்த பக்கம் வைக்கோல் நிறமாகிவிடும், அடிப்பக்கம் மட்டும் பச்சையாக நிற்கும். பச்சை வளர்ப்பவர்கள் காய் வெடித்த கையோடு பறித்து நிழலில் உலர்த்துவது அதனால்தான்.

இனி ஒளிந்து பிழைத்த இடங்களுக்கு வருவோம். பெரு நாட்டின் வட கடற்கரையில் லம்பாயெக்கே வட்டாரத்தில் மோரோப்பே என்று ஓர் ஊர். வறண்ட மணல் பூமி. அங்கே பருத்தி வயல் பயிராக இல்லாமல் வீட்டோரத்து மரமாக நின்றது. பார்படென்ஸ் இனம், நீர் கிடைத்தால் பல ஆண்டு காய்க்கும். தந்தம், மணல், செம்பழுப்பு, கருஞ்சாக்லேட், ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்று பல சாயல்களில் பெண்கள் பஞ்சு எடுத்து, கையால் நூற்று, இடுப்பில் கட்டிக்கொள்ளும் தறியில் நெய்துவந்தார்கள். அந்தக் கடற்கரை மீனவர்களுக்கும் பழுப்பு நூலில் பின்னிய வலைமேல் ஒரு நம்பிக்கை உண்டு. தண்ணீருக்குள் அது மீனின் கண்ணில் எளிதில் படாது என்பார்கள். ஜேம்ஸ் வ்ரீலண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இந்தப் பருத்தியைத் தேடி அந்த ஊர்களுக்குப் போனபோது அது வெளியுலகுக்குப் பெரும்பாலும் மறந்துபோன பயிர். ஆண்டு முழுதும் நிற்கும் மரம் பூச்சிக்குப் புகலிடம், வெள்ளைப் பருத்தி வயலைக் கெடுக்கும் என்று அரசாங்கமே அதை ஒழிக்கச் சொல்லியிருந்த காலமும் உண்டு. அதே நாடு 2008இல் இந்த நாட்டுப் பருத்தியைத் தேசத்தின் மரபுச்செல்வம் என்று சட்டம் போட்டு அறிவித்தது.

அமெரிக்காவின் லூசியானாவில் இன்னொரு புகலிடம். 1755இல் தொடங்கி, இன்றைய கனடாவின் அகாடியாப் பகுதியிலிருந்து பிரிட்டிஷாரால் துரத்தப்பட்ட பிரெஞ்சு மொழிக் குடும்பங்கள் பல பின்னர் லூசியானாவில் குடியேறின. வீட்டுத் தேவைக்குச் சிறு பாத்தியில் பழுப்புப் பருத்தி போட்டு, நூற்று, போர்வை நெய்து மகளுக்குச் சீராகக் கொடுத்தார்கள். விற்பதற்கென்று வயலில் வெள்ளை, வீட்டுக்கென்று கொல்லையில் பழுப்பு.

இந்தியாவிலும் இதே கதை. மிதிலையின் கோக்டி பருத்திக்கு இயல்பிலேயே பழுப்புச் சாயல். ஆந்திரக் கடற்கரையின் காக்கிநாடாப் பெயரைத் தாங்கிய செம்பழுப்புப் பருத்தி ஒருகாலத்தில் ஏற்றுமதிச் சரக்கு. தமிழ்நாட்டுக் கரிசலின் கருங்கண்ணி வெள்ளைதான் என்றாலும் அதன் தலைவிதியும் இவற்றோடு சேர்த்தே எழுதப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்ததும், இழை நீளம் போதாது என்று கருங்கண்ணி மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டது.

நீளம்! இந்த ஒரு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நிறப்பருத்தி சாயப்பட்டறையிடம் தோற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கையால் நூற்பவருக்கு முக்கால் அங்குல இழை போதும். விரல் இழையின் போக்கை உணர்ந்து முறுக்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆலையின் உருளைகளுக்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது. இரண்டு ஜோடி உருளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட இழை குட்டையானால் அது பிடிபடாமல் மிதந்து நூலைக் கெடுக்கும், வேகம் கூடினால் நூல் அறும். 19ஆம் நூற்றாண்டில் ஆலை வேண்டிய நீளத்துக்கு இனவிருத்தி நடந்தது. நடத்தியவர்கள் பெரும்பாலும் வெள்ளைச் செடிகளையே நீட்டினார்கள், பழுப்பை நீட்டிப் பார்க்க அவ்வளவாக யாரும் முனையவில்லை. பிறகு ‘பழுப்பு என்றாலே குட்டை’ என்று அதையே இயற்கை விதியாகச் சொல்லிவிட்டார்கள்.

அதை நீட்டிப் பார்த்தவர் சாலி ஃபாக்ஸ். பூச்சியியல் படித்தவர், சிறு வயது முதலே கையால் நூற்பவர். 1982இல் கலிபோர்னியாவில் ஒரு பருத்தி இனவிருத்தியாளரிடம் வேலை பார்த்தபோது, பூச்சி எதிர்ப்புக்காக வைத்திருந்த விதைகளில் பழுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேறு யாரிடமாவது காட்டியிருந்தால் இழை மோசம், வாங்க ஆளில்லை என்று மூடிவைத்திருப்பார்கள். நூற்கத் தெரிந்தவர் கையில் அது கிடைத்ததுதான் வரலாற்றின் அதிர்ஷ்டம். சிறிய அளவில் நட்டு, நீள இழை வெள்ளையோடு கலந்து, வழித்தோன்றல்களில் நிறமும் நீளமும் ஒன்றாக வந்த செடியைத் தேடிப் பிடித்து, அதன் விதையை மறுபடி நட்டு என்று தொடர்ந்தார். 1980களின் இறுதிக்குள் ஆலையில் ஓடக்கூடிய பழுப்பும் பச்சையும் கையில் வந்துவிட்டன. ஃபாக்ஸ்ஃபைபர் என்று பெயர் வைத்தார், வகைகளுக்குக் கொயோட்டி, பஃபலோ, பாலோ வெர்டே என்று பெயர்கள். லீவைஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்தப் பஞ்சில் ஜீன்ஸ் போட்டது.

அடுத்துச் சிக்கல் அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து வந்தது. ஃபாக்ஸ் பயிரிட்ட, கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925 முதலே ஒரே தரப் பருத்திதான் விளைய வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த ஊர் வெள்ளைக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பு அப்படி. ஒரு பேலில் நாலு பழுப்பு இழை கலந்தாலே வெளுத்த துணியில் புள்ளி தெரியும், விலை விழும். மகரந்தம் கலந்துவிடும் என்ற பயமும் சேர்ந்தது. ஃபாக்ஸ் அங்கிருந்து அரிசோனாவுக்குப் போனார், பிறகு வட கலிபோர்னியாவின் கேப்பே பள்ளத்தாக்குக்கு. அதற்குள் அவரிடம் பஞ்சு வாங்கிவந்த ஆலைகளும் நாட்டைவிட்டுப் போகத் தொடங்கியிருந்தன. அக்கம்பக்கத்து வெள்ளை விவசாயிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயம் நியாயமானது. அது எவ்வளவு நியாயம் என்பது வீட்டுக் கொல்லையில் இந்தப் பருத்தியை நட்டால் நமக்கே விளங்கும்.

நடுவது எளிது. பஞ்சுத்துகள் ஒட்டிய கொட்டைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் சாணிப்பாலில் புரட்டி உலர்த்தித் தனித்தனியாக்குவது நம் பழைய முறை. மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஓர் அங்குல ஆழம் போதும், ஒரு வாரத்தில் முளைத்துவிடும். முக்கால் முழம் இடைவெளி கொடுங்கள். ஒன்றரை மாதத்துக்குள் சப்பை, அதாவது பூமொட்டு, கட்டும், சப்பை வந்து மூன்று வாரத்தில் பூ, பூத்து ஏழெட்டு வாரத்தில் காய் வெடிக்கும். நம் ஊரில் தட்பவெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. பனி உறையும் நாடுகளில் கொல்லைக்காரர்கள் தொட்டியில் முளைக்கவைத்து, பனி விலகியபின் வெளியே நட்டு, மறுபடி பனி விழுவதற்குள் காய் வெடிக்க வேண்டுமே என்று நாள் எண்ணுவார்கள். அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம்: பருத்தி மாநிலங்கள் பலவற்றில் நாலு செடி அழகுக்கு வைப்பதானாலும் வேளாண் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1890களில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்து தெற்கையே ஆட்டிவைத்த பருத்திக் காய்க்கூன்வண்டை, 1978 முதல் பெருந்திட்டம் போட்டுப் பெரும்பாலான இடங்களில் துடைத்தெறிந்தார்கள். ஒரு கொல்லைச் செடியில் அது மறுபடி ஒண்டிவிடக்கூடாது என்பதால் இந்தக் கெடுபிடி. நமக்கு அந்தக் காய்க்கூன்வண்டுத் தொல்லை கிடையாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு போதும் போதுமென்று இருக்கிறது.

பூவைக் காலையில் பாருங்கள். ஹிர்சூட்டம் பூ வெண்மஞ்சளாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும். அதாவது ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒரே பகல். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும், ஆனால் தேனீ நடமாடும் இடத்தில் கணிசமான பங்கு அயலிலிருந்து வரும். தூய விதை வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையிலேயே அடையாளம் காணலாம், அது மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் நுனியை நூலால் கட்டிவிடுங்கள், அல்லது குழைத்த களிமண் ஒரு பொட்டு வையுங்கள். உள்ளே அது தானே சூல்கொண்டுவிடும். காம்பில் ஒரு வண்ண நூல் கட்டி அடையாளம் வைத்தால் அறுவடையின்போது குழப்பம் வராது.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த ஆண்டு ஒன்றும் ஆகாது, சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. இழை என்பது விதைத்தோல் செல், விதைத்தோல் முழுக்கத் தாய்ச்செடியின் உடல். பக்கத்து வெள்ளையின் மகரந்தம் வந்து கருவில் கலந்திருந்தாலும் அந்தக் கொட்டையைப் போர்த்தியிருக்கும் பஞ்சு தாயின் பழுப்பாகவே இருக்கும். பார்வைக்கு விதை சுத்தம். அதை நட்டு அடுத்த பருவத்தில் காய் வெடிக்கும்போதுதான் இளம்பழுப்புச் செடிகள் நடுநடுவே தலைகாட்டும். அவற்றைத் தன்மகரந்தத்தில் விட்டு அதற்கடுத்த தலைமுறையை நட்டால், நான்கில் ஒன்று பழுப்பு, இரண்டு இளம்பழுப்பு, ஒன்று வெள்ளை என்ற விகிதத்தை ஒட்டிப் பிரியும். பட்டாணியில் மெண்டல் எண்ணியதை நீங்கள் பஞ்சில் எண்ணலாம், ஆனால் இருபது முப்பது செடியாவது இல்லாமல் விகிதம் சரியாகத் தெரியாது. சான் வாக்கின் விவசாயிகள் பயந்தது இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓராண்டுக்குத்தான்.

இந்தியாவில் இதற்கு ஒரு கூடுதல் கோணம் உண்டு. 2002இல் அனுமதிக்கப்பட்ட, மரபணு மாற்றிய பிடி பருத்திதான் இன்று நம் பருத்திப் பரப்பில் மிகப் பெரும்பகுதி. அது பெரும்பாலும் ஹிர்சூட்டம். கொல்லையில் ஹிர்சூட்டம் பழுப்பை நட்டால் பக்கத்து வயலிலிருந்து நிறமிழப்பும் வரும், பிடி மரபணுவும் வரும். ஆனால் ஆர்போரியம், அதாவது நம் நாட்டுப் பருத்தி, வேறு கணக்கு. அதற்குக் குரோமோசோம் 26, ஹிர்சூட்டத்துக்கு 52. பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இருவேறு மூதாதைகள் இணைந்து இரட்டிப்பானதால் அமெரிக்கப் பருத்திகளுக்கு வந்த எண் அது. இந்த வித்தியாசம் இருக்கும்வரை தேனீ எவ்வளவு சுமந்து வந்தாலும் வளமான கலப்பு விதை இயல்பாக விழாது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய டிடிசிசி-1 என்ற பழுப்பு வகை ஆர்போரியம்தான். பிடி வயல்களுக்கு நடுவே கொல்லையில் நிறப்பருத்தி வைக்க நினைப்பவருக்கு நான் சொல்வது இந்த இனத்தைத்தான். மண்ணும் வறட்சியும் பழகிய செடி, தத்துப்பூச்சிக்கும் எளிதில் மசியாது. காய் சிறிது, தலைகவிழ்ந்து தொங்கும், இழை குட்டை. கையால் நூற்பவருக்கு அது ஒரு குறையே இல்லை.

பறித்த பருத்தியைக் கொட்டை நீக்க மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள். அங்கேயும் பேல் கலப்புப் பயம்தான். பலகையில் வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை முன்னால் பிதுங்கி ஓடும், பஞ்சு பின்னால் தங்கும். வில்லடித்துத் திரி உருட்டி, தக்கிளியில் நூற்கலாம். தக்கிளியின் முனை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழல்வதால் அதன் எடை நூலில் தொங்குவதில்லை. குட்டை இழைக்கு அதுதான் வேண்டும். இழுவிசை குறைவாகவும் முறுக்கு தாராளமாகவும் இருந்தால் நூல் நிற்கும்.

ஒரு சட்டைக்கு எத்தனை செடி? நாட்டுச் செடியில் இருபது காய், காய்க்கு மூன்று கிராம் பருத்தி, அதில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு என்று வைத்தால் செடிக்கு 20 கிராம். சட்டைத் துணி 200 கிராம், சேதாரம் சேர்த்து 250 என்றால் 12, 13 செடி. காய்ப்புழுவுக்கும் பங்கு கொடுத்து இருபதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்ற சிட்டத்தைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம். சாயம் போட்ட துணி சோடாவில் வெளிறும், இது கருக்கும். பஞ்சின் மேலிருக்கும் மெழுகு கரைந்து, காரத்தில் டானின் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மணல் நிறம் கருப்பட்டி நிறத்தை நோக்கி நகரும். முதல் சில சலவை வரை இது தொடரும். நியூ ஆர்லியன்ஸில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம் இந்த டானினில் வேறொரு குணத்தையும் கண்டது: பழுப்பு இழை எரியும்போது வெள்ளையைவிடக் குறைந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அதற்காக நெருப்புக்குப் பக்கத்தில் நின்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

விதை எடுப்பதில்தான் கொல்லைக்காரர் இனவிருத்தியாளராகிறார். களிமண் பொட்டு வைத்த காய்களை மட்டும் தனியே எடுத்து, செடிவாரியாகக் காகித உறையில் போடுங்கள். ஒவ்வொரு செடியின் பஞ்சிலும் சிறிது நூற்றுப் பாருங்கள். நிறம் அடர்த்தியாக இருக்கிறதே என்று மட்டும் தேர்ந்தால் நாலைந்து தலைமுறையில் இழை குட்டையாகிக்கொண்டே போகலாம். நிறத்தில் இரண்டாவதாகவும் நூற்பில் முதலாவதாகவும் நிற்கும் செடிக்கும் அடுத்த பருவத்தில் ஒரு வரிசை கொடுங்கள். செடியின் நடுப்பகுதியில், முதல் பறிப்பில் கிடைக்கும் காய்களின் கொட்டைதான் திரட்சியாக இருக்கும், நுனியில் கடைசியாக வெடிப்பவை நூற்பதற்கு மட்டும் ஆகும். கொட்டையைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. காய்ந்ததைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் விதைத்துவிடாமல் பாதியை அடுத்த ஆண்டுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.